நீர்க்கோட்டுக்கு மேலும் கீழும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், கப்பல் மாதிரிக் கண்காட்சியை ஒட்டி நிகழ்த்திய உரை)

 

இசையும் நாடகமும் பட்டிமன்றமும் நிறைந்த இவ்விழாவில், கப்பல் பொம்மை செய்யும் எங்களுக்கும் கால் மணி நேரம் ஒதுக்கித் தந்த செயற்குழுவினர்க்கு முதற்கண் நன்றி கூறுகின்றோம். இக்காலனியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மேசையைச் சுற்றிக் கூடுகின்றவர்கள் நாங்கள் ஐவர். ஐவரில் ஒருவர் பேசினாலும் ஐவரும் பேசியதாகவே கொள்ளுமாறு வேண்டுகின்றோம். குற்றம் இருப்பின் அதையும் ஐந்தாகப் பங்கிட்டுக் கொள்கின்றோம்.

அடுத்த அறையில் எங்கள் கப்பல்கள் வைக்கப்பட்டுள்ளன. அவற்றைக் காண்போர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “இவற்றின் அடிப்பகுதி எங்கே?” அக்கேள்விக்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

கப்பல் மாதிரிகள் இருவகைப்படும். ஏரா எனப்படும் அடிக்கட்டை முதல் கொடிமரத்தின் உச்சி வரை முழுவதையும் காட்டி, தாங்கியின்மேல் நிறுத்தப்படுவது ஒருவகை. கப்பலின் பக்கத்தில் நீர் வந்து தொடும் கோட்டோடு கீழ்ப்பகுதியை நீக்கிவிட்டு, மேலே தெரிவதை மட்டும் செய்து, தட்டையான பரப்பின்மேல் வைப்பது மற்றொரு வகை. பின்னதையே ‘வாட்டர்லைன் மாடல்’ என்பர். நாங்கள் நீர்க்கோட்டு மாதிரி என்கின்றோம். மேசையே அதற்குக் கடல். கரையில் நிற்பவர் கண்ணுக்குக் கப்பல் எவ்வாறு தோன்றுமோ அவ்வாறே அது தோன்றும்.

இத்தகைய மாதிரிகள் வெறும் விளையாட்டுக்காக மட்டும் பிறந்தவை அல்ல. தொலைவில் தெரியும் கப்பல் தம்முடையதா, பகைவருடையதா என்று நொடியில் அறிய வேண்டிய கட்டாயம் கடற்படையினர்க்கு உண்டு. அவர் கண்ணுக்குப் புலப்படுவன புகைபோக்கிகளின் எண்ணிக்கையும், கொடிமரங்களின் நிலையும், பீரங்கி மேடைகளின் வரிசையுமே. ஆதலின் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படை 1200-இல் ஒரு பங்கு அளவிலும், 500-இல் ஒரு பங்கு அளவிலும் நீர்க்கோட்டு மாதிரிகளைச் செய்வித்து, மாலுமிகளுக்கும் விமானிகளுக்கும் பயிற்சி அளித்தது. 1200-இல் ஒரு பங்கு என்ற கணக்கு விந்தையாகத் தோன்றலாம். நூறு அடியை ஓர் அங்குலமாகக் கொண்டால் அவ்வளவு கிடைக்கும், அவ்வளவே.

தோற்றத்தைக் கொண்டு கப்பலை அடையாளம் காண்பது எத்துணை இன்றியமையாதது என்பதற்கு, தமிழர் நன்கறிந்த சான்று ஒன்றுண்டு. ஜெர்மானியக் கப்பலாகிய எம்டன் 1914 செப்டம்பர் 22 அன்று இரவு சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசி, எண்ணெய்க் கிடங்குகளைத் தீக்கிரையாக்கியது. அந்நிகழ்ச்சியின் நினைவுக்கல் இன்றும் சென்னை உயர்நீதிமன்றச் சுவரை ஒட்டி நிற்கின்றது. அக்கப்பலுக்கு உண்மையில் மூன்று புகைபோக்கிகளே. ஆங்கிலேயக் கப்பலென்று கண்டோர் மயங்கும்படி, நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றை நட்டுக்கொண்டு அது உலவியது. 1914 அக்டோபர் 28 அன்று அவ்வேடத்துடனேயே பினாங்குத் துறைமுகத்தினுள் புகுந்து, அங்கிருந்த ரஷ்யக் கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. அடுத்த மாதம் 9-ஆம் நாள், கோக்கோஸ் தீவுகளின் அருகே, ஆஸ்திரேலியக் கப்பலாகிய சிட்னியின் குண்டுகளுக்கு இலக்காகித் தன் ஓட்டத்தை முடித்தது. எனினும், சூழ்ச்சித் திறம் மிக்கவனை ‘அவன் ஓர் எம்டன்’ என்று நம் பாட்டன்மார் சொல்லிய சொல் இன்றும் வழக்கில் நிலைத்துள்ளது.

அடுத்த அறையில் எம்டனைக் காணலாம். 118 மீட்டர் நீளமுள்ள அக்கப்பல் எங்கள் அளவில் 17 செண்டிமீட்டர். நான்காம் புகைபோக்கியை மட்டும் கழற்றி மாட்டும்படி செய்துள்ளோம். குழந்தைகள் அதை வைத்தும் எடுத்தும் பார்க்கலாம். பார்த்தபின் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளாமல் இருக்க வேண்டுகின்றோம். சென்ற ஆண்டு இரண்டு புகைபோக்கிகள் அவ்வாறு மறைந்தன.

எங்கள் அளவு 700-இல் ஒரு பங்கு. இவ்வளவு உலகெங்கும் பரவியதற்கு ஜப்பானின் ஷிஸுஒகா நகரமே காரணம். மர வேலைக்கும் மர மாதிரிகளுக்கும் பெயர்பெற்றிருந்த அந்நகரில், டாமியா, ஹசேகாவா, அஓஷிமா, ஃபுஜிமி என்னும் நான்கு நிறுவனங்கள் ஒன்றுகூடி, 1971-ஆம் ஆண்டு நீர்க்கோட்டு வரிசை ஒன்றைத் தொடங்கின. ஒருவர் செய்யும் கப்பலை மற்றவர் செய்வதில்லை என்று கப்பல்களைத் தமக்குள் பங்கிட்டுக் கொண்டன. ஒரே அளவு, ஒரே முறை. அதன் பயனாக, எவர் செய்த கப்பலையும் எவர் செய்த கப்பலின் அருகிலும் வைத்து ஒப்பிட இயன்றது. ஃபுஜிமி 1992-இல் அக்கூட்டிலிருந்து விலகியது. ஆயினும் அவ்வளவு நிலைபெற்றுவிட்டது.

இரண்டு அறை வீட்டில் வாழும் நம்மைப் போன்றோர்க்கு இவ்வளவு மிகப் பொருத்தமானது. ஒரு கடற்படையையே புத்தக அலமாரியின் ஒரு தட்டில் நிறுத்திவிடலாம். ஆனால் சிறுமைக்குரிய தொல்லைகளும் உண்டு. ஐந்தரை அடி மனிதர் இவ்வளவில் இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கடுகைவிடச் சற்றே உயரம். மனிதரின் தலைமயிர் ஒன்றை எடுத்துக் கப்பற் கயிறாகக் கட்டினால், அது இரண்டங்குலத் தடிமன் உள்ள வடமாகிவிடும். ஆதலின் மயிரினும் நுண்ணிய இழை வேண்டும். அதற்கு ஓர் எளிய வழி உண்டு. மாதிரிப் பெட்டியில் பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் தண்டை மெழுகுவர்த்திச் சுடரின் மேலே, சுடர் படாமல் காட்டி, அது இளகியதும் இரு கைகளாலும் மெல்ல இழுத்தால், சிலந்தி நூல்போல் நீளும். மெல்ல இழுத்தால் தடித்தும், விரைந்து இழுத்தால் நுண்ணியதாகவும் வரும். இதைப் பழகுவதற்கே எங்களுக்கு ஒரு மழைக்காலம் சென்றது.

பிற கருவிகள் நம் வீடுகளிலேயே உள்ளவை. கூரிய கத்தி, இடுக்கி, உப்புத்தாள், மெல்லிய தூரிகை, இவை போதும். பாகங்கள் கூடும் இடத்தில் சந்து தெரிந்தால், சுவருக்கு வண்ணம் பூசுவோர் செய்வது போலவே பட்டி பார்த்துத் தேய்க்க வேண்டும். எம்டனின் பீரங்கிக் குழல்களுக்கு, நீரிழிவு நோயர் மருந்தேற்றிக் கொள்ளும் ஊசியே சரியான கனமாக அமைந்தது. நம் காலனியில் அதற்குப் பஞ்சம் இல்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக் கொள்கின்றோம்.

வண்ணத்தில் கவனம் வேண்டும். ஓர் அடி தொலைவில் நின்று இம்மாதிரியைக் காண்பது, 700 அடி தொலைவில் நின்று உண்மைக் கப்பலைக் காண்பதற்கு ஒப்பாகும். இடையிலுள்ள காற்று நிறத்தை வெளிறச் செய்யும். ஆதலின் உண்மை வண்ணத்தையே பூசினால் மாதிரி மிகக் கறுத்துத் தோன்றும். சிறிது வெண்மை கலத்தல் நலம். மும்பையின் மழைக்காலத்தில் வார்னிஷ் பூசுதல் ஆகாது; ஈரக்காற்றில் அது வெளுத்துப் பூத்துவிடும். முடிந்த கப்பலுக்குக் கண்ணாடி மூடி இன்றியமையாதது. தூசி படியவிட்டுப் பின் துணியால் துடைக்கப் புகுந்தால், தூசியோடு கொடிமரமும் போகும். இவ்வுண்மையை எங்கள் இல்லத்தரசியர் எங்களுக்குக் கற்பித்தனர்.

இனி, இவ்வுரையின் உயிர்நிலைக்கு வருகின்றோம்.

சென்ற ஆண்டு விழாவில் நாங்கள் ‘விக்ராந்த்’ கப்பலின் மாதிரியைக் காட்சிக்கு வைத்தோம். பிரிட்டனில் ‘ஹெர்குலிஸ்’ என்ற பெயருடன் 1945-இல் நீரில் இறக்கப்பட்டு, கட்டி முடிக்கப்படாமல் நின்று, 1957-இல் இந்தியாவால் வாங்கப்பட்டு, 1961 மார்ச் 4 அன்று நம் கடற்படையிற் சேர்ந்த விமானந்தாங்கிக் கப்பல் அது. 1997-இல் ஓய்வு பெற்றபின், சில ஆண்டுகள் இந்நகரில் அருங்காட்சியகமாக நின்றது. நம்மில் பலர் குழந்தைகளைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று காட்டியிருக்கின்றோம். பின்னர் அதைக் காக்கப் பொருள் போதாமல், 2014-இல் விற்று, உடைக்கத் தொடங்கினர். அதன் எஃகில் ஒரு பகுதி உருக்கப்பட்டு மோட்டார் சைக்கிள் உற்பத்திக்குச் சென்றது. 2022-இல் கொச்சியில் கட்டப்பட்ட புதிய கப்பல் அப்பெயரைத் தாங்கி வந்துள்ளது. பழைய கப்பலைப் பார்த்த குழந்தைகள் வளர்ந்துவிட்டனர்; பார்க்காத குழந்தைகளுக்குக் காட்ட அது இல்லை.

அக்கப்பலின் நீளம் ஏறத்தாழ 700 அடி. எங்கள் அளவில் அது சரியாக ஓர் அடி. பள்ளிப் பிள்ளையின் அடிக்கோல் அளவு. இப்பொருத்தமே எங்களை அதன்பால் ஈர்த்தது. பிளாஸ்டிக் தகடுகளை வெட்டி ஒட்டி, பதினான்கு மாதங்கள் உழைத்துச் செய்தோம். 1971 டிசம்பர் 4 அன்று, அதன் சீ ஹாக் விமானங்கள் புறப்பட்டுச் சென்று காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கிய நாளின் தோற்றத்தைக் காட்டுவதென முடிவு செய்தோம். விமானம் ஒவ்வொன்றும் 1.7 செண்டிமீட்டர்.

அருங்காட்சியகத்தில் அதைக் கண்டவர்கள், “முன்புறம் மேல்நோக்கி வளைந்திருக்குமே, அதை ஏன் செய்யவில்லை?” என்று வினவினர். அவ்வளைவு 1980-களின் பிற்பகுதியிற் சேர்க்கப்பட்டது. 1971-இல் இல்லை என்று பெருமிதத்துடன் விளக்கினோம். எல்லாம் அறிந்தோம் என்ற எண்ணம் எங்களுக்கு வந்திருந்தது.

கப்பலின் அடியில் கடலும் செய்திருந்தோம். அணியத்தில், அதாவது முன்முகத்தில், நீரைக் கிழித்துக்கொண்டு இருபுறமும் வெண்ணுரை எழும்புகின்றது; அமரத்தில், அதாவது பின்முனையில், நெடுந்தூரம் வெண்மை கொந்தளிக்கின்றது. காண்போர் அனைவரும் அந்நுரையைப் புகழ்ந்தனர்.

அப்பொழுது நம் காலனிப் பெரியவர் ஒருவர் வந்தார். இன்றும் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றார். பெயரைச் சொல்லக்கூடாது என்பது அவர் இட்ட கட்டளை. கண்பார்வை மங்கிய அவர் மாதிரியை மிக அருகிற் குனிந்து நோக்கினார். பிறகு, “தம்பி, நான் இருந்த இடத்தையே வெட்டி எறிந்துவிட்டீர்களே!” என்றார்.

எங்களுக்கு விளங்கவில்லை. அவர் மேலும் சொன்னார்: “எழுபத்தொன்றில் நான் இந்தக் கப்பலின் கொதிகலன் அறையில் இருந்தேன். விமானம் புறப்பட்டதையோ திரும்பியதையோ நான் பார்த்ததில்லை. எங்களுக்குத் தெரிந்தது அனலும் ஓசையுமே. அந்த அறை உங்கள் மேசைக்குக் கீழே அல்லவா போய்விட்டது?”

பத்தாண்டுகளுக்கு மேலாக ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகின்றோம். அவர் கடற்படையில் இருந்தார் என்பது மட்டுமே எங்களுக்குத் தெரியும். அவர் இக்கப்பலில் இருந்தார் என்பதை அவருடைய பேரனும் அன்றுதான் அறிந்தான். எவரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அவர் நுரையைச் சுட்டிக் காட்டி, “அந்த ஆண்டு இவ்வளவு வேகம் ஏது? இது பொய்” என்று கூறிவிட்டுச் சென்றார்.

அன்றிரவே நூல்களைப் புரட்டினோம். பெரியவர் சொன்னதே உண்மை. 1970-இல் அக்கப்பலின் கொதிகலன்களின் நீர் உருளைகளில் விரிசல்கள் காணப்பட்டன. பற்றவைத்துச் சரிசெய்ய இயலாத விரிசல்கள். மாற்று உருளைகளும் கையில் இல்லை. நீராவி அழுத்தத்தைக் குறைத்து, மணிக்கு ஏறத்தாழ 25 கடல் மைல் ஓட வல்ல கப்பலை, 1971-இன் தொடக்கத்தில் 14 கடல் மைல் என்ற வரம்புக்குள் ஓட்டிப் பார்த்தனர். போர் வந்தபோதும் அதன் முழு வேகம் திரும்பவில்லை. விமானங்கள் மேலெழுவதற்குக் கப்பலின் வேகம் தரும் எதிர்க்காற்று பெருந்துணை. அத்துணை குறைந்த நிலையிலும் அவை எழுந்தன. விரிசல் கண்ட கொதிகலன்களின் அருகில் நின்று, அழுத்தமானியைப் பார்த்தவாறே வேலை செய்தவர்களுள் ஒருவர் நம் அடுத்த வீட்டுக்காரர்.

அலைக்கு இலக்கணம் உண்டு என்பதையும் அப்பொழுதுதான் கற்றோம். ஆழ்கடலில் செல்லும் கப்பலின் பின்னே விரியும் அலைகள், செல்லும் கோட்டுக்கு இருபுறமும் ஏறத்தாழ 19½ பாகை அளவுக்குள் அடங்கும். வேகம் எதுவாயினும் அக்கோணம் மாறாது. இதைக் கெல்வின் பிரபு 1887-இல் விளக்கினார். ஆனால் கப்பலோடு செல்லும் அலைகளின் முகட்டுக்கும் முகட்டுக்கும் இடையிலுள்ள தொலைவு வேகத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் அத்தொலைவு நான்கு மடங்காகும். மணிக்கு 25 கடல் மைல் வேகத்தில் அது ஏறத்தாழ 106 மீட்டர். எங்கள் அளவில் 15 செண்டிமீட்டர். 15 கடல் மைல் வேகத்திலோ 38 மீட்டர். எங்கள் அளவில் ஐந்தரை செண்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதாவது, நாங்கள் ஓர் அடிக் கப்பலின் பக்கத்தில் இரண்டே பேரலைகளை எழுப்பியிருந்தோம். இருக்க வேண்டியவையோ தாழ்ந்த, நெருங்கிய ஐந்தாறு சிற்றலைகள். நுரையும் அவ்வளவு கூடாது. புகழப்பட்ட எங்கள் கடல், கணக்கின்படி முழுப்பிழை.

முதலில் ஒன்று எண்ணினோம். பெரியவரின் மனக்குறை தீர, அடிப்பகுதியும் உள்ள முழு மாதிரியாகவே மாற்றிவிடலாமே என்று. உண்மைக் கப்பல் நீருக்குள் ஏறத்தாழ 24 அடி அமிழ்ந்திருந்தது; எங்கள் அளவில் அது ஒரு செண்டிமீட்டர். நாங்கள் வெட்டி எறிந்தது அந்த ஒரு செண்டிமீட்டரே. அதை ஒட்டிச் சேர்ப்பது கடினமன்று. இக்கருத்தை அவரிடம் தெரிவித்தபோது அவர் மறுத்துவிட்டார்.

“அடி தெரிந்தால் அது உலர் துறையில் நிற்கிற கப்பல். நாங்கள் உலர் துறையில் நின்று சண்டை போடவில்லை. கடலிலேயே இருக்கட்டும், ஆனால் கடலைச் சரியாகச் செய்யுங்கள். நாங்கள் என்ன வேலை செய்தோம் என்பது அலையில் தெரியும்” என்றார்.

நாங்கள் கற்ற நூல்கள் எவற்றிலும் இல்லாத பாடம் இது. நீர்க்கோட்டு மாதிரி கீழ்ப்பகுதியை மறைக்கின்றது என்றே நாங்களும் எண்ணியிருந்தோம். உண்மையில் கீழே நடப்பது மேலே அலையாக எழுதப்படுகின்றது. கொதிகலனில் எத்துணை அழுத்தம், சுழலி எத்துணை விரைவு, அடுப்பருகே நின்றவர் எத்துணை விழிப்பு, இவை அனைத்தும் கப்பலின் பக்கத்தில் வரிசையாக நிற்கும் அலைகளே. அவற்றைப் பொய்யாகச் செய்தால், காணப்படாதவரின் உழைப்பைப் பொய்யாகச் சொல்லியவர்கள் ஆவோம்.

ஆகவே பழைய கடலைச் சுரண்டி எடுத்தோம். கப்பலை நீரிலிருந்து பெயர்த்தபோது மூன்று விமானங்களும் ஒரு கம்பமும் ஒடிந்தன. தடித்த ஓவியத்தாளை நனைத்துப் பலகையில் ஒட்டி, அலைகளைக் களிம்பால் ஒவ்வொன்றாக எழுப்பி, அடிக்கோல் வைத்து இடைவெளி அளந்து, பச்சை கலந்த கருநீலம் பூசி, முகடுகளில் மட்டும் சிறிது வெண்மை தொட்டோம். மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் இதற்கே சென்றன. பெரியவரின் பேரன் எங்களோடு சேர்ந்து பணியாற்றினான். வண்ணம் உலர்ந்ததும் அவரை அழைத்தோம். கண்ணால் தெளிவாகக் காண இயலாமையால், கப்பலின் பக்கமாக விரலை நகர்த்தி அலைகளை எண்ணினார். “இப்போது சரி” என்றார். பிறகு பேரனை அருகில் அமர்த்தி, கொதிகலன் அறையில் நின்றவர் எவரெவர், எவ்வூரினர், எவர் பாடுவார், எவர் உறங்குவார் என்று மாலை வரை சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அன்பர்களே! இப்பொழுதுபோக்கால் விளையும் பயன் என்ன என்று கேட்போர்க்கு, கைத்திறன், பொறுமை, கணக்கு, வரலாறு என்று வழக்கமான விடைகளைக் கூறலாம், அவையும் உண்மையே. ஆயினும் எங்களுக்குக் கிடைத்த பெரும்பயன் வேறு. மாதிரி செய்யப் புகுந்தமையால் ஒரு கேள்வி பிறந்தது; கேள்வி பிறந்தமையால் அடுத்த வீட்டுக்காரரை அறிந்தோம். கப்பல் உடைக்கப்பட்டுவிட்டது. அதை ஓட்டியவர் நம்மிடையே இருக்கின்றார். ஒன்றைக் காக்க நம்மால் இயலவில்லை. மற்றவர் சொல்வதைக் கேட்கவேனும் இயன்றது. இக்காலனியில் ஆலையிலும், இரயில்வேயிலும், துறைமுகத்திலும் உழைத்து ஓய்ந்த பெரியோர் பலர் உளர். இளைஞர்கள் அவர்களை அணுகி, “நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்?” என்று கேட்க வேண்டும் என்பது எங்கள் விண்ணப்பம். அதற்குக் கப்பல் செய்யத் தெரிந்திருக்க வேண்டுவதில்லை.

கப்பலும் செய்ய விரும்புவோர் ஞாயிறு காலை பத்து மணிக்கு வரலாம். ஒரு கத்தியும் இடுக்கியும் கொண்டு வந்தாற் போதும். பத்து வயதுக்குக் குறைந்தோர் கத்திக்குப் பதிலாகத் தந்தையைக் கொண்டு வரவேண்டும்.

விழா முடிந்ததும் அடுத்த அறைக்கு வருகை தாருங்கள். விக்ராந்தின் அருகே சென்றதும், விமானங்களைப் பார்க்குமுன் அலைகளைப் பாருங்கள். எண்ணியும் பாருங்கள்.